செப்புத் தகட்டில் ஒரு கூத்து: நொக்ஸ் நூலின் படங்களை வாசித்தல்

இலங்கையைப் பற்றிய பழைய ஆங்கிலப் படங்களில் மிக அதிகமாக எடுத்தாளப்படுபவை 1681இல் லண்டனில் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலில் உள்ளவை. யானை ஒரு மனிதனைக் கிழித்துப் போடும் படம், இறகு குத்திய தொப்பியோடு நிற்கும் இரண்டாம் இராஜசிங்கனின் படம், தாளிப்பனை ஓலையைத் தலைக்கு மேல் பிடித்து நிற்பவனின் படம் என்று ஒன்றையாவது பார்க்காதவர் நம் வாசகர்களில் குறைவு. நூலைப் படித்தவர்கள் கொஞ்சப் பேர். படங்களைக் கண்டவர்கள் ஏராளம். ஆகவே நொக்ஸ் எழுதியது ஒரு பக்கம் கிடக்க, படம் சொன்னதே வரலாறாக நின்றுவிட்டது.

அந்தப் படங்களில் பாதி, லண்டன் நாடக மேடையின் கண்ணால் பார்த்து வெட்டப்பட்டவை என்பது என் வாதம். அவற்றைக் கண்கண்ட சாட்சியாக எடுத்துக்கொண்டால் கண்டி அரசனைப் பற்றிய நம் கருத்து கோணலாகும். அதைவிட முக்கியமாக, கொட்டியாரக் குடாவைச் சுற்றி வாழும் எங்கட ஆக்களின் கதை அந்தச் சட்டகத்துக்கு வெளியே விழுந்துபோகும்.

நூல் பிறந்த கதை

'ஆன்' என்ற கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலில் அகப்பட்டுப் பெரிய பாய்மரத்தை இழந்தது. புதுமரம் நாட்டவும் அதுவரை வியாபாரம் செய்யவும் அது கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது. 1660 ஏப்ரலில் கப்பல் தலைவர் மூத்த றொபேட் நொக்ஸும் அதே பெயர் கொண்ட மகனும் உட்பட 16 பேர் அரசனின் ஆட்களிடம் அகப்பட்டார்கள். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று நினைவுக்கல் வைக்கப்பட்டது இந்தச் சம்பவத்துக்காகத்தான். தகப்பன் 1661இல் காய்ச்சலில் இறந்தார். பிடிபடும்போது 19 வயதாயிருந்த மகன் இன்னுமொரு 19 ஆண்டு கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போனார்.

கப்பலில் ஊர் திரும்பும்போதே எழுதத் தொடங்கிய குறிப்புகளை ஒழுங்குபடுத்த றோயல் சொசைற்றியின் விஞ்ஞானி றொபேட் ஹூக் உதவினார்; முன்னுரையும் அவருடையதே. புனித போல் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்ரோபர் ரென் நூலின் உண்மைத்தன்மைக்குச் சான்று எழுதிக் கொடுத்தார். றிச்சட் சிஸ்வெல் 15 படத் தகடுகளோடும் ஒரு தேசப்படத்தோடும் வெளியிட்டார்.

செப்புத் தகட்டுப் படம் என்பது இலேசான வேலையல்ல. கூரிய உளியால் செம்பில் கோடு கோடாக வெட்ட வேண்டும். அச்சில் இடம் வலமாக மாறும் என்பதால் எல்லாவற்றையும் தலைகீழாய் யோசிக்க வேண்டும். எழுத்து அச்சாகும் பொறி வேறு, தகடு அச்சாகும் பொறி வேறு. காசு செலவழித்துத் தகடு வெட்டுகிற பதிப்பாளர், வாங்குகிறவன் எதைப் பார்க்க ஆசைப்படுவான் என்பதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க மாட்டார்.

படத்துக்கு இஸ்னாத் உண்டா?

ஹதீஸ் கலையில் நம் இமாம்கள் ஒரு நல்ல பழக்கத்தை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள். சொல்லப்பட்ட விடயம் எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரைப் பார்க்காமல் அதை ஏற்பதில்லை. மத்ன் ஒரு பக்கம், இஸ்னாத் ஒரு பக்கம். அந்த அளவுகோலை உலக விடயங்களுக்கும் பிடித்துப் பார்ப்பதில் தவறில்லை.

நொக்ஸின் எழுத்துக்குத் தொடர் குறுகியது: கண்டவர் எழுதினார், ஹூக் ஒழுங்குபடுத்தினார், அச்சானது. அவர் கைதி, அரசன் மீது கோபம் இருந்தது, அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம். படத்துக்கோ தொடரின் நடுவில் கண்டியைக் காணாத ஒருவர் வந்து நிற்கிறார். தகடு வெட்டியவருக்கு நொக்ஸின் வார்த்தை இருந்தது. மிச்சத்தை அவர் தனக்குத் தெரிந்த வேறு படங்களிலிருந்தும் மேடையிலிருந்தும் நிரப்ப வேண்டியிருந்தது. பிறகு ஜேர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிபெயர்ப்புகள் வந்தன. படத்தைப் பார்த்துப் படம் வெட்டுவது வழக்கமான காலம் அது. ஒவ்வொரு முறையும் தொடரில் ஒரு கண்ணி கூடும், நம்பகம் ஒரு படி குறையும்.

அரசனும் இறகும்

இராஜசிங்கனின் உடையை நொக்ஸ் கவனமாகத்தான் வர்ணிக்கிறார். யேசுசபைப் பாதிரியாரின் தொப்பி போல நான்கு மூலை கொண்ட அடுக்குத் தொப்பி, முன்னால் நிமிர்ந்து நிற்கும் இறகு, போர்த்துக்கேயர் பாணியில் முதுகில் தொங்கும் பட்டை, கணுக்கால் வரை நீண்ட காற்சட்டை, சப்பாத்து. வாசிக்கும்போது எனக்கு ஓர் அரசியல்வாதி தெரிகிறான். போர்த்துக்கேயரை ஒல்லாந்தரைக் கொண்டு விரட்டி, பிறகு ஒல்லாந்தரையும் கரையோரத்தில் மறித்து வைத்தவன், எதிரிகளின் உடுப்பிலிருந்து வேண்டியதை எடுத்துத் தன் உடம்பில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

படத்தில் அந்த அரசியல் காணாமல் போய்விடுகிறது. விநோதம் மட்டும் நிற்கிறது. வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டியபோது பின்வாங்குப் பிள்ளை ஒருவன், "சேர், இவர் கூத்தாடுறவரா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். கேள்வியில் விடயம் இருந்தது. வடமோடிக் கூத்தில் கரப்புடுப்புப் போட்டு வரும் அரசனைப் பார்த்து, பழைய அரசர்கள் இப்படித்தான் உடுத்தார்கள் என்று மட்டக்களப்பிலோ மூதூரிலோ யாரும் நினைப்பதில்லை. அது மேடைக்குரிய உடுப்பு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் லண்டனின் கரப்புடுப்பை நாம் வரலாறு என்று எடுத்துக்கொள்கிறோம்.

அன்றைய லண்டன் மேடையில் கீழைத்தேயத்து அரசன் பழகிய பாத்திரம். நூல் வருவதற்கு 6 ஆண்டுகள் முன்னர், 1675இல், ஜோன் டிரைடன் 'ஒளரங்கசீப்' என்ற நாடகத்தை மேடையேற்றினார். ஒளரங்கசீப் அப்போது டில்லியில் உயிரோடு ஆட்சி செய்துகொண்டிருந்தார். 1707 வரை வாழ்ந்தார். உயிரோடிருக்கும் ஒரு முஸ்லிம் பேரரசரை, அவர் அறியாமலே, லண்டனில் ஒரு நடிகர் காதல் வசனம் பேச வைத்தார். 1701இல் நிக்கலஸ் றோ எழுதிய 'தாமர்லேன்' நாடகத்தில் தைமூர் என்பவர் உண்மையில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம். பாயஸீத் சுல்தான் பிரான்சின் பதினான்காம் லூயி. தலைப்பாகை நம்முடையது, சண்டை அவர்களுடையது. அந்த நாடகம் நவம்பர் மாதந்தோறும் நீண்ட காலம் ஆடப்பட்டது.

மேடையும் செப்புத் தகடும் அண்ணன் தம்பி போல. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடிகை ஆன் பிறேஸ்கேடில் 'இந்திய அரசி'யாக நிற்கும் ஒரு செப்புத் தகட்டு அச்சு வந்தது. தலையில் இறகுகள், பின்னால் குடை பிடிக்க ஒரு பிள்ளை. அவர் நடித்தது அமெரிக்கப் பழங்குடி அரசி. ஆனால் இறகு என்றால் 'இந்தியர்', அது அமெரிக்காவோ ஆசியாவோ என்ற கவலை பார்ப்பவருக்கு இல்லை. 1776 முதல் ஜோன் பெல் வெளியிட்ட நாடகத் தொகுதிகளில் நடிகர்கள் தத்தம் பாத்திர வேடத்தில் நிற்கும் படங்கள் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தன. இந்தக் கண்ணோடு இராஜசிங்கனின் இறகைப் பார்க்கிறவனுக்கு அது ஓர் அரசனின் தெரிவாகத் தெரியாது. வேடமாகத்தான் தெரியும்.

யானையும் லண்டன் தூக்குமரமும்

யானையால் கொல்லும் படத்துக்கு எழுத்தில் ஆதாரம் உண்டு. அரசன் அப்படித் தண்டித்தான் என்று நொக்ஸ் சொல்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. இராஜசிங்கன் கொடுமையான ஆள்தான். ஆனால் படம் அந்தக் கொடுமையை ஒரு தேசத்தின் இயல்பாக ஆக்கிவிடுகிறது. நூல் அச்சாகிய அதே 1681 ஜூலை முதலாம் திகதி, லண்டன் ரைபேர்ணில் ஒலிவர் பிளங்கெற் என்ற ஐரிஷ் பேராயர் பொய்ச் சாட்சியின் பேரில் தூக்கிலிடப்பட்டு, உடல் துண்டாக்கப்பட்டார். அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அதே நகரத்தில் நொக்ஸின் நூலை விரித்தவன், யானையின் காலடியில் கிடக்கும் உறுப்புகளைப் பார்த்து 'காட்டுமிராண்டித் தேசம்' என்று நினைத்திருந்தால், அவன் கண்ணுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது படத்தின் சட்டகம்.

எல்லாப் படங்களையும் ஒரே தராசில் போடுவதும் நியாயமில்லை. உழவு, வயல் மட்டப்படுத்தல், சூடு மிதித்தல், மீன்பிடி, தாளிப்பனை ஓலை ஆகிய படங்கள் வேறு தரம். நொக்ஸ் இந்த வேலைகளைக் கிட்ட இருந்து கண்டவர். கருவியின் பாகங்களைச் சொல்லிக் கொடுக்க அவரால் முடிந்தது. ஓர் ஓலைக்குக் கீழ் 15, 20 பேர் மழைக்கு ஒதுங்கலாம் என்று அவர் எழுதியதோடு ஓலைப் படம் பொருந்தி நிற்கிறது. கையின் வேலையைக் காட்டும் படங்கள் பெரும்பாலும் உண்மைக்குக் கிட்ட நிற்கின்றன. அதிகாரத்தைக் காட்டும் படங்கள் மேடைக்குக் கிட்டப் போய்விட்டன. நூலின் நல்ல பகுதி இந்த வேலைப் படங்கள்தான். அவற்றை எடுத்துப் போடுகிறவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

சட்டகத்துக்கு வெளியே

கொட்டியாரத்துக்கு அந்தக் கப்பல் வந்தபோது அதில் இருந்த சரக்கு யாருடையது? பரங்கிப்பேட்டை வணிகர்களுடையது, அவர்களும் கப்பலிலேயே வந்து இங்கே இறங்கினார்கள் என்று நொக்ஸ் எழுதுகிறார். அவர்கள் எந்தச் சமயத்தார் என்று அவர் சொல்லவில்லை. பரங்கிப்பேட்டை மரைக்காயர் வணிகத்தின் பேர்பெற்ற துறை என்பது நமக்குத் தெரியும். அதை வைத்து அவர்கள் முஸ்லிம்கள்தான் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. நம்மவர் சிலர் இப்படியான இடங்களில் அவசரப்பட்டு உரிமை கொண்டாடுவது ஆராய்ச்சிக்கு நல்லதல்ல. ஆனால் சோழமண்டலக் கரைக்கும் கொட்டியாரத்துக்கும் வெள்ளைக்காரனின் கப்பலை வாடகை வண்டி போலப் பாவிக்கும் அளவுக்கு உயிருள்ள வியாபாரம் இருந்தது என்பது இந்த ஒரே வரியில் நிச்சயமாகிறது.

இன்னொரு செய்தியில் சந்தேகமே இல்லை. கண்டி நகரில் முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளி இருந்தது. முந்திய அரசன் ஒருவன் ஒவ்வொரு காணிக்காரனும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்று சலுகை கொடுத்திருந்தான். அதை வாங்க முஸ்லிம்கள் வீடுவீடாகப் போனார்கள் என்று நொக்ஸ் பதிவு செய்கிறார். அவர்களைப் பிச்சைக்காரர் என்றுதான் அவர் அழைக்கிறார். ஆனால் அரச சாசனத்தோடு வந்து, கதவு பூட்டியிருந்தால் உடைத்து எடுக்கவும் அதிகாரம் உள்ளவர்களைப் பிச்சைக்காரர் என்பது அந்தச் சொல்லுக்குப் பொருந்தாத பாரம். இராஜசிங்கனின் தகப்பன் செனரத், 1626இல் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியதையும் சேர்த்துப் பாருங்கள். இறகுத் தொப்பியோடு நிற்கும் அந்த 'விநோத' அரசனின் குடும்பம், நம் மூதாதையருக்கு இடம் கொடுத்த குடும்பம்.

பதினைந்து தகட்டில் ஒன்றுகூட இதற்கு ஒதுக்கப்படவில்லை. பள்ளியில்லை, பணம் வாங்கப் போகிறவரில்லை, பரங்கிப்பேட்டை வணிகரில்லை. மேடைக்கு அரசன் வேண்டும், கொலை வேண்டும், காட்டு மனிதன் வேண்டும். கணக்குப் பார்க்கும் வியாபாரி வேண்டியதில்லை.

நொக்ஸின் கதை பிறகு இலக்கியத்துக்குள் போனது. டானியல் டிபோ 1720இல் வெளியிட்ட 'கப்டன் சிங்கிள்ரன்' நாவலில் அதைச் சுருக்கிச் சொல்கிறார். 1719இல் வந்த 'றொபின்சன் குறூசோ'வுக்கும் நொக்ஸ் ஒரு தூண்டுதல் என்பது பல ஆய்வாளர் கருத்து. குறூசோவின் முகப்புப் படத்தை வெட்டியவர்கள் கிளாக், பைன் என்ற இருவர்: ஆட்டுத்தோல் உடுப்பு, உரோமத் தொப்பி, இரண்டு தோளிலும் துப்பாக்கி, பின்னால் கடல். தனித்த மனிதனின் உலகப் படமாக அது ஆகிவிட்டது. கதையில் குறூசோ மொரோக்கோக் கரையில் அடிமையாயிருந்து, சூரி என்ற முஸ்லிம் சிறுவனின் துணையால் தப்புகிறான்; பிறகு அந்தப் பிள்ளையையே 60 வெள்ளிக் காசுக்கு விற்கிறான், கிறிஸ்தவனானால் பத்து வருடத்தில் விடுதலை என்ற நிபந்தனையோடு. முகப்புப் படத்தில் சூரி இல்லை. கொட்டியாரத்துத் தகட்டில் விடுபட்டவர்களும் சூரியும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

நொக்ஸின் சொந்தப் படமும் இதற்கு ஒத்துப்போகிறது. 1695இல் றொபேட் வைற் வெட்டிய தகட்டில் அவர் லண்டன் கனவானாக இருக்கிறார். வெறுங்காலோடு கிராமங்களில் தொப்பி விற்றுத் திரிந்தவரை, தான் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து ஓர் ஆங்கில வேதப் புத்தகத்தை வாங்கிய கைதியை, அவருடைய எழுத்தில் மட்டுமே காணலாம்.

இனி இந்தப் படங்களை எடுத்துப் பாவிக்கும் நம் எழுத்தாளர்களிடமும் ஆசிரியர்களிடமும் என் வேண்டுகோள் சிறியது. படத்துக்குக் கீழே 'இரண்டாம் இராஜசிங்கன்' என்று மட்டும் போடாமல், 'லண்டனில் 1681இல் வெட்டப்பட்ட கற்பனை' என்று ஒரு வரி சேருங்கள். யானைப் படத்தை ஒருமுறை போட்டால், உழவுப் படத்தையும் பக்கத்தில் போடுங்கள். கண்டிப் பள்ளிக்குப் பணம் கொடுத்த செய்தி நூலில் வரும் பகுதியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, அதற்கு ஒரு படம் கீறச் சொல்லுங்கள். வெட்டப்படாமல் போன பதினாறாவது தகட்டை எங்கட பிள்ளைகள் கீறட்டும்.