தோற்பையும் துருத்தியும்: ஸ்காட்லாந்து, அயர்லாந்து பேக்பைப் மரபுகள்

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பேக்பைப்பில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே மௌனம் விட முடியாது. வாயால் ஊதி நிரப்பிய தோற்பையை இடது அக்குளில் வைத்து அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்; காற்று நிற்பதில்லை. சீவாளி பொருத்திய குழலில் விரல்கள் ஒன்பது சுரங்களை எடுக்கின்றன. தோளில் சாய்ந்திருக்கும் மூன்று ஒத்துக்குழல்கள் சுருதியை விடாமல் பிடித்திருக்கின்றன. உரக்க, மெல்ல என்ற பேதமும் கிடையாது. ஒரே சுரம் இருமுறை வேண்டுமென்றால், இடையில் இன்னொரு சுரத்தைக் கண்ணிமைப்பொழுது தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அழுத்தம் தருவதும் இந்த நொடிச்சுரங்களே. அவை சுத்தமாக விழுகின்றனவா என்பதைத்தான் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்கிறார்கள்.

இந்தக் கருவிக்கென்றே வளர்ந்த பேரிசை பிப்ராக். நிதானமான ஒரு மூலப்பகுதியில் தொடங்கி, அடுத்தடுத்த மாற்றங்களில் விரல்வேலை அடர்ந்துகொண்டே போய், மீண்டும் மூலத்தில் வந்து நிற்கும். பத்து நிமிடத்துக்கு மேலும் நீளும். ஸ்கை தீவின் போரெரெய்கில் இருந்த மக்ரிமன் குடும்பம், டன்வேகன் கோட்டையின் மக்லவுட் தலைவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வாசித்தும் பிறருக்குக் கற்பித்தும் வந்தது. மக்ஆர்தர், ரேங்கின், கேர்லாக் மக்கே முதலிய குடும்பங்களும் இப்படியே. பாடம் ஏட்டில் இல்லை, வாயில் இருந்தது. மிருதங்க ஆசிரியர் சொற்கட்டைச் சொல்லிக் கொடுப்பதைப் போல, பாட்டு முழுவதையும் அசைகளாகப் பாடிக் காட்டுவார்கள். உயிரொலி எந்தச் சுரம் என்று சொல்லும்; மெய்யொலி எந்த நொடிச்சுரம் என்று சொல்லும். காலின் கேம்பல் என்பவர் இந்த அசைகளையே எழுத்தில் இறக்கிய கையேடு 1797ஐச் சேர்ந்தது.

குலத்தலைவர்களின் செல்வாக்கு சரிந்தபின் இசையைத் தாங்கியவை இரண்டு: படையும் போட்டியும். இரண்டும் 1781ஆம் ஆண்டில் அடுத்தடுத்துத் தென்படுகின்றன. அவ்வாண்டு ஜூலையில் நம் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியோடு நடந்த போரில் பிரிட்டிஷ் தரப்பில் ஒரு ஹைலேண்ட் படைப்பிரிவு இருந்தது. அதன் பைப் வாசிப்பில் மனம் நிறைந்த தளபதி ஐர் கூட், வெள்ளிக் குழல்கள் வாங்க 50 பவுண்ட் அளித்தார் என்கிறது அப்படைப்பிரிவின் வரலாறு. அக்டோபரில் ஃபால்கர்க் கால்நடைச் சந்தையில் லண்டன் ஹைலேண்ட் சங்கம் முதல் பைப் போட்டியை நடத்தியது.

போட்டி வந்ததும், எது சரியான பாடம் என்ற கேள்வியும் வந்தது. 1838இல் ஆங்கஸ் மக்கே மேலைச் சுரக்குறிப்பில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். 1843இல் விக்டோரியா அரசியின் பைப் கலைஞரும் ஆனார். 1903இல் பிப்ராக் சங்கம் தோன்றி, பதிப்புகளையும் போட்டிப் பாடல்களையும் வகுத்தது. இவை இல்லாவிட்டால் எத்தனையோ பாட்டுகள் மண்ணோடு போயிருக்கும். ஆனால் அச்சேறிய பாடமே ஒரே பாடம் என்று நடுவர் மேசை எண்ணத் தொடங்கியபோது, பழைய வேறுபாடுகள் பல ஓரங்கட்டப்பட்டன. இதை நான் இழப்பாகவே கருதுகிறேன். தாளில் கால அளவு கறாராக இருக்கும். வாய்ப்பாடத்தில் ஒரு சுரம் மூச்சுக்கேற்ப நீளும்.

அந்த நீட்சியைக் காத்தவை கேமரன், மக்ஃபர்சன் என்னும் இரு பாணிகள். இன்வர்னஸ் ஜான் மெக்டொனால்ட் (1865–1953) இரண்டு பக்கமும் கற்றவர். பாடிக் காட்டியே கற்பித்தவர். பால்மோரல் அரச எஸ்டேட்டில் வேலை பார்த்த ராபர்ட் பிரவுனும் ராபர்ட் நிகலும் அவரிடம் பயின்று, அதே முறையில் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். ஓபன், இன்வர்னஸ் நகரங்களின் தங்கப்பதக்க மேடைகளில் இன்றும், யாரிடம் கற்றவர் என்ற விசாரிப்பு நிற்கவில்லை.

பைப் கலைஞர்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடையான கில்ட் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் முழுதும் சுற்றிய பழைய நீளக் கம்பளியிலிருந்து, இடுப்பளவில் நிற்கும் சிறிய கில்ட் 18ஆம் நூற்றாண்டில் பரவியது. 1746இல் கலோடன் போரில் ஹைலேண்ட் கிளர்ச்சியாளர்கள் தோற்றபின் ஹைலேண்ட் உடையைச் சட்டம் தடுத்தது; படைவீரருக்கு மட்டும் விலக்கு. 1782இல் தடை நீங்கியது. 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் செய்த ஏற்பாடுகளால் அது தேசிய உடையாகவே நிமிர்ந்தது. குலத்துக்கொரு டார்ட்டன் (கட்டம்போட்ட கம்பளி வடிவம்) என்ற கறாரான பட்டியல் பெரும்பாலும் இந்தக் காலத்தது. உடையைக் கொண்டு மரபின் பழமையை அளப்பவர் ஏமாறுவார். தையலை மட்டும் நான் வியக்கிறேன்: ஏறக்குறைய எட்டு கஜக் கம்பளியைப் பின்புறம் கொசுவி முடித்தபின்னும் கட்டங்கள் அறுபடாமல் முழுதாகத் தெரியும்படி ஒவ்வொரு மடிப்பையும் கணக்கிட்டுத் தைக்கிறார்கள். படைப்பிரிவுகளில் மடிப்புக்கு மடிப்பு ஒரே கோடு வரும்படி கொசுவுவதுண்டு. அயர்லாந்தின் ஒற்றைநிறக் குங்குமப்பூ மஞ்சள் கில்ட், கேலிக் மறுமலர்ச்சிக் காலம் விரும்பி ஏற்றது.

பைப் குழுக்களின் உலகப் போட்டி கிளாஸ்கோ கிரீன் திடலில் நடக்கிறது. இருபதுக்கு மேற்பட்ட குழல்கள் ஒரே குழலாக ஒலிக்க வேண்டும். சுருதியில் இத்தனை கண்டிப்பான கூட்டிசை அரிது. வட அயர்லாந்தின் ஃபீல்ட் மார்ஷல் மான்ட்காமரி குழு அங்கே பலமுறை வென்றிருக்கிறது.

அயர்லாந்தின் சொந்தக் குழலான இல்லன் பைப்புக்கு இலக்கணமே வேறு. உட்கார்ந்து வாசிப்பது, வாயால் ஊதுவதில்லை, வலது முழங்கையின் கீழ் துருத்தி. இரண்டு ஸ்தாயி. குழல்முனையைத் தொடையில் அழுத்தினால் ஒலி நிற்கும், ஆகவே மௌனமும் கைவசம். அங்கிருந்துதான் பாணிகள் பிரிகின்றன. பாட்சி டூஹி சுரங்களை நறுக்கி நறுக்கி எடுத்தார். குதிரைவண்டியில் ஊர் ஊராகச் சென்ற ஜானி டோரன் குழலைத் திறந்துவிட்டு வெள்ளமாக ஓடவிட்டார். 1947இல் அயர்லாந்து நாட்டாரியல் ஆணையம் டோரனைத் தட்டில் பதிவுசெய்தது. மூன்றாண்டில் அவர் மறைந்தார். இன்றைய மாணவர்கள் அந்தப் பதிவுகளிலிருந்தே அவர் பாணியைப் பிடிக்கிறார்கள். 1968இல் பைப் கலைஞர்களே அமைத்த சங்கமும், கிளேர் மாவட்டம் மில்டவுன் மால்பேயில் 1973 முதல் கோடைதோறும் நடக்கும் வில்லி கிளான்சி பள்ளியும் இரு பாணியையும் சமமாக நடத்துகின்றன. யுனெஸ்கோ 2017இல் தன் பட்டியலில் சேர்த்தது இந்த இல்லன் பைப் கலையைத்தான்.