முகப்பில் இல்லாத முகம்!

நம் வகுப்பு மாணவன் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை திருப்பூர்க் கடைவீதியில் எதிர்ப்பட்டான். அவன் அணிந்திருந்த பனியனில் கிதார் ஏந்திய ஒருவரின் உருவம். "யார் தம்பி இவர்?" என்று கேட்டோம். "தெரியாதுங்க சார், அம்மா வேலைக்குப் போற கம்பெனியில கழிச்ச பீஸுங்க" என்றான்.

பாடியவர் யாரென்று அணிந்தவனுக்குத் தெரியவில்லை. தைத்தவர் யாரென்று, அத்தகைய பனியனைக் கடலுக்கு அப்பால் வாங்குவோருக்கும் தெரியப்போவதில்லை. கழுத்துப்பட்டியில் கம்பெனியின் பெயர் மின்னும். ஓவர்லாக்கில் முதுகு வளைத்தவள், கைமடித்துக் கொடுத்தவள், பிசிறு வெட்டியவள் பெயர் அதில் ஏது? உழைப்பு ஓரிடம், புகழ் வேறிடம்! ராக், பாப் இசையின் வரலாறும் இதே கதையைத்தான் பேசுகிறது.

சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண்மணி, தேவாலயப் பாட்டை மின்கிதாரில் மீட்டித் துள்ள வைத்தார். 1944இல் அவர் பதிவு செய்த பாட்டில் ராக் இசையின் தொடக்கத்தையே காண்போர் உண்டு. அமெரிக்காவின் 'ராக் அண்டு ரோல் புகழ்மன்றம்' 1986இல் தன் முதல் வரிசையிலேயே எல்விஸ் பிரெஸ்லியை அமர்த்தியது. தார்ப்புக்கு 2018இல்தான் இடம் தந்தது. அந்த அம்மையார் கண்மூடியதோ 1973இல்! எல்விஸ் 1954இல் பாடிப் புகழேணியில் கால் வைத்த பாட்டும், ஆர்தர் குரூடப் என்ற கறுப்பினக் கலைஞரின் பாட்டே. எல்விசின் திறமையை நாம் குறை கூறவில்லை. ஏறியவரைப் பாடி, ஏணியை மறந்த ஏடுகளைக் குறை கூறுகிறோம்.

"அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு?" என்பீர்கள். நம் நாட்டுக்கே வருவோம்.

2018 ஜனவரி 6. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதல் மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு, 19 கலைஞர்கள். பெயரோ, அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்தின் வழி வந்தது. சாவு வீட்டோடு நிற்கட்டும் என்று ஒதுக்கப்பட்ட பறையும் கானாவும், கிதாரோடு தோளோடு தோள் நின்றன. இடஒதுக்கீட்டைப் பாடினர், மாட்டிறைச்சியைப் பாடினர். ஆடவர் கோட்டையாயிருந்த கானாவில் குரலெழுப்பிய இசைவாணி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சில பாடல்களில் கருத்து முன்னே ஓட, இசை பின்னே இளைத்து வருகிறது, மறைப்பானேன்? ஆயினும், தமிழ் மேடை இசையில் இது பெருந்திருப்பம் என்பதே நம் முடிவு.

அக்குழுவில் பாடிய அறிவு எழுதி, பாடகி தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் 2021 மார்ச்சில் வெளிவந்தது 'எஞ்சாயி எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்து, நிலமின்றித் திரும்பிய பாட்டியின் நினைவில் பிறந்த பாட்டு. இங்கே கருத்தும் இசையும் முந்தவில்லை, பிந்தவில்லை. ஒப்பாரியாய்க் கசிந்து, ஆட்டமாய் எழுகின்றன.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' ஏடு, இப்பாட்டையும் 'நீயே ஒளி' என்ற பாட்டையும் சிறப்பித்தது. முகப்பில் தீ இருந்தார். ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். இரண்டு பாடல்களின் எழுத்திலும் பங்குள்ள அறிவு இல்லை! ரஞ்சித் கண்டித்தார், கண்டனம் வலுத்தபின், அறிவுக்கெனத் தனியாக இணைய முகப்பொன்று வந்தது. கேட்டபின் தந்தனர், கேளாமலே தந்திருக்க வேண்டியதல்லவா அது? 2024 மார்ச்சிலோ, அப்பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே அறிவித்தார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கு இந்தக் கதி!

"கலைக்குப் பெயர் எதற்கு? கேட்டு மகிழுங்கள்!" என்பர் சிலர். "கூலி எதற்கு? தைத்து மகிழுங்கள்!" என்றால் திருப்பூர் ஏற்குமா?

தோழர்களே! நம்மூர்த் திருமண மண்டபங்களில் அப்பாட்டுக்கு ஆடுகிறோம். ஆடுவோம்! ஆடி முடித்ததும், எழுதியவர் யார், எவர் வாழ்வை எழுதினார் என்றும் கேட்போம். பகுத்தறிவு என்பது கோயில் வாசலில் மட்டும் கேட்கும் கேள்வியன்று.

அந்த மாணவனுக்கு இரண்டு வினாக்கள் தந்தோம். பனியனில் உள்ளவர் யார்? அந்தப் பனியனில் உன் அம்மாவின் கைபட்ட இடம் எது? முதல் வினாவுக்குக் கைப்பேசி விடை சொல்லும். இரண்டாவதற்கு, அவன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.