சுவரை மட்டும் அளக்கும் கோல்

பண்டங்களின் மீது விதிக்கப்படும் தீர்வையைச் சதவீதத்திற் சொல்லிவிடலாம். சுங்கச் சாவடியில் நிறுத்தி எண்ணவியலாத சேவைகளை, வங்கி, கப்பல், மருத்துவம், திரைப்படம் முதலியவற்றை, நாடுகள் எவ்வெவ்வாறு தடுக்கின்றன என்பதை அளப்பது எளிதன்று. அதற்கும் ஒரு கோல் கண்டனர் பொருளியலறிஞர். உலக வங்கி 2012இல் 103 நாடுகளை ஐந்து துறைகளில் ஆராய்ந்து, பூச்சியம் முதல் 100 வரை புள்ளி வழங்கிற்று. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனம் 2014இல் வெளியிட்ட சுட்டெண்ணோ பூச்சியத்திற்கும் ஒன்றிற்கும் இடையில் அமைவது. பூச்சியமெனிற் கதவு முற்றாகத் திறந்தது. ஒன்றெனில் முற்றாக அடைத்தது.

இம்முயற்சியை நாம் எள்ளி நகையாடவில்லை. சட்டப் புத்தகங்களிற் சிதறிக் கிடக்கும் விதிகளைத் திரட்டி யாவருங் காண வைத்தல் நற்பணியே. பிறர்க்குத் தாராள வாணிபத்தை உபதேசிக்கும் செல்வ நாடுகள் தம் வாயிலில் எத்தனை பூட்டுத் தொங்கவிட்டுள்ளன என்பதும் அவ்வட்டவணையிலேயே அம்பலமாகிறது. ஆயின், எந்த விதிக்கு எவ்வளவு நிறை என்பதை நிபுணர்களின் அபிப்பிராயமே பெரிதும் நிர்ணயிக்கிறது. எண்ணின் வடிவெடுத்துவிட்டால் அபிப்பிராயம் அபிப்பிராயமன்றிப் போய்விடுமா?

நம் நாட்டு அனுபவத்தை இக்கோலால் அளந்து பார்ப்போம். திரைப்படமும் இரண்டாவது சுட்டெண் கணிக்கும் துறைகளுள் ஒன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் மக்கள் கண்ட படங்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்தே வந்தன. இங்கே ‘சமுதாயம்’ 1962இலும் ‘தோட்டக்காரி’ 1963இலும் வெளிவந்தும் மரபொன்று வேரூன்றவில்லை. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியதும், படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்கு வந்தன. மேற்கூறிய கோலின்படி இது வெறுந் தடை. புள்ளியை உயர்த்தும் குற்றம். ஆனால் அக்காலத்திலன்றோ ‘புதிய காற்று’ (1975), ‘கோமாளிகள்’ (1976), தர்மசேன பத்திராஜாவின் ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலினின்றும் பிறந்த ‘வாடைக்காற்று’ (1978) ஆகியன திரையேறின? தோட்டத் தொழிலாளியும் மீனவனும் தம் முகத்தைத் தாமே கண்டனர். சுவரின் உயரம் அளக்கப்படுகிறது. அதன் நிழலில் முளைத்த பயிர் அளக்கப்படுவதில்லை.

சுவர் ஒன்றே போதுமென்றும் நாம் வாதிடவில்லை. மூலதனமும் கலைக்கூடமும் பயிற்சியும் இன்றேல், பாதுகாப்பு வெறும் பஞ்சமாகவே முடியும். 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. 1983 ஆடி வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையாயிற்று. தமிழ்ச் சினிமாவின் வாயிலை எந்தச் சட்டவிதியைவிடவும் இறுக அடைத்தது அந்நெருப்பு. அதற்குச் சுட்டெண்ணில் எந்தக் கட்டம்?

இன்னுமொன்று. உழைக்கும் மனிதர் கடல் கடந்து சென்று வேலை செய்வதும் சேவை வாணிபமே. 1995இல் நடைமுறைக்கு வந்த சேவை வாணிபப் பொது உடன்படிக்கை அதனை நான்காவது முறையாக வகுத்துள்ளது. 2013இல் இலங்கை அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வதைத் தடுத்தது. 2022இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. இது அனுப்பும் நாடு தன் ஏழைப் பெண்கள் மீது விதித்த தடை. சுட்டெண்களோ அந்நியரை உள்ளே விடும் வாயிலையே நோக்குகின்றன. தன் பிரசைகளை வெளியே விடாத வாயிலை நோக்குவதில்லை. பிள்ளையைப் பராமரிக்க ஓரிடமும் பசியாற ஒரு கூலியும் அவளுக்கு உள்ளூரிற் கிடைத்தனவா என்ற கேள்வியோ எவ்வட்டவணையிலும் எழுவதில்லை.

ஆகவே, தடை கூடிற்றா குறைந்ததா என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. யாருக்குத் தடை, யாருக்குக் காப்பு, அதனால் எவருடைய உழைப்பும் குரலும் வளர்ந்தன என்பதே முழுக் கேள்வி. வங்கி முதலாளியின் நுழைவுரிமையையும் பணிப்பெண்ணின் வெளியேறும் உரிமையையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. வகுப்பறையிற் புள்ளிவிபரம் கற்பிக்கும் ஆசிரியரும் அதைக் கற்கும் மாணவரும் எண்ணை வெறுக்க வேண்டியதில்லை. எண்ணுபவன் எதை எண்ணாது விட்டான் என்று கேட்கப் பழகுவதே வேண்டுவது.