இளஞ்சிவப்பு நைலான் கயிறு

மழைக்கால மேகங்களைக் கிழித்துக்கொண்டு மூன்று பேர் வானத்திலிருந்து விழுகிறார்கள். அவர்கள் கால்களில் துருப்பிடித்த வெடிகுண்டுக் கூடுகள் கட்டப்பட்டிருக்கின்றன. கட்டியிருப்பது இளஞ்சிவப்பு நைலான் கயிறு. கீழே லாவோஸின் நாம் ஙூம் நீர்த்தேக்கம். கொலின் காட்டரில் எழுதிய 'தி கொரோனர்ஸ் லஞ்ச்' நாவல் (2004) இப்படித்தான் தொடங்குகிறது.

துப்பறியும் கதை படித்துப் பழகியவர்களின் கண் குண்டின் மேல் போகும். எனக்கு அந்தக் கயிற்றைத் தாண்ட முடியவில்லை. குண்டுக் கூடு அந்த நாட்டில் அதிசயமே இல்லை. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மீது கொட்டியது இருபது லட்சம் டன்னுக்கும் மேல். அந்தக் கூடுகளை வீட்டுத் தூணாக நட்டார்கள். மண் நிரப்பிச் செடி வளர்த்தார்கள். ஆனால் இளஞ்சிவப்பு? எந்தக் கொலைகாரனும் யோசித்துத் தேர்ந்தெடுக்கிற நிறமில்லை அது. சந்தையில் அன்றைக்குக் கிடைத்தது அதுதான். அதையே வாங்கிக் கட்டிவிட்டான். கொலை முதல் ஆட்சி வரை எல்லாமே கைக்குக் கிடைத்ததை வைத்து நடக்கிற நாட்டுக்குள் நுழைகிறோம் என்பதை ஒரு நிறத்தைச் சொல்லியே ஆசிரியர் தெரிவித்துவிடுகிறார். காட்டரில் கேலிச்சித்திரக்காரரும்கூட. எந்தக் கோட்டை அழுத்தினால் முகம் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

கதை நடப்பது 1976இல். முந்தைய ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி மன்னராட்சியை ஒழித்து மக்கள் ஜனநாயகக் குடியரசு பிறந்துவிட்டது. படித்தவர்கள், பணமுள்ளவர்கள் பலர் மீகாங் நதியைக் கடந்து தாய்லாந்துக்குப் போய்விட்டார்கள். பிணக்கூறாய்வு செய்து வந்தவரும் அவர்களில் ஒருவர். எனவே 72 வயது சிரி பைபூனைப் பிடித்து நாட்டின் ஒரே கொரோனராக உட்கார்த்துகிறார்கள். பாரிஸில் மருத்துவம் படித்தவர். அங்கே பூவாவைக் காதலித்தவர். பூவா காதலித்தது பொதுவுடைமைக் கட்சியை. அந்த வழியில் இவரும் கட்சிக்காரராகி, பல பத்தாண்டுகள் காட்டில் போராளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து காலம் தள்ளியவர். புரட்சி வென்றால் ஓய்வு கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த மனிதருக்குக் கிடைத்தது தலைநகர் வியன்டியானின் மஹோசொட் மருத்துவமனைப் பிணவறை. செத்தவர்களை அறுத்துப் பார்த்த அனுபவம் அவருக்கு இல்லை. துணைக்கு இருப்பவை பழைய பிரெஞ்சுப் பாடப்புத்தகங்கள்.

இந்த இடத்தில் பட்ரீஷியா கார்ன்வெல்லின் 'போஸ்ட்மார்ட்டம்' (1990) ஞாபகத்துக்கு வராமல் போகாது. அதில் வர்ஜீனியா மாநிலத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் கே ஸ்கார்ப்பெட்டா லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார். உடலின் மேல் ஏதோ மினுமினுக்கிறது. கதை ஓடத் தொடங்குகிறது. அதற்குப் பின் வந்த பிணவறை நாவல்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் பாதித் துப்பறிதலைக் கருவிகளே பார்த்துக்கொண்டன. கார்ன்வெல்லைக் குறை சொல்லவில்லை. அந்த நாவலின் குளிர்ச்சியே அதன் அழகு. ஆனால் லேசரைப் பிடுங்கிவிட்டால் ஸ்கார்ப்பெட்டா என்ன செய்வார்? காட்டரில் அந்தக் கேள்வியை வைத்தே ஒரு வரிசை நாவல்கள் எழுதியிருக்கிறார்.

பதிலின் நேர்த்தியை முதல் நாவலிலேயே பார்க்கலாம். கட்சிப் பெரும்புள்ளி ஒருவரின் மனைவி, மகளிர் சங்க விருந்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து இறந்துபோகிறார். சாவுக்குக் காரணம் இன்னதென்று கணவரே முடிவு கட்டிக்கொண்டு வருகிறார். உடலை எடுத்துப்போக அவசரப்படுத்துகிறார். சிரிக்கு நஞ்சு என்று சந்தேகம். சோதிக்க ஆய்வகம் கிடையாது. அதனால் சீசாக்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். ஊம் என்ற வேதியியல் ஆசிரியையிடம் மிச்சம் மீதி ரசாயனங்கள் கொஞ்சம் இருக்கின்றன. ஒரு பெரிய இடத்துக் கொலையின் உண்மை, பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறை காட்டும் சோதனைக் குழாயில் நிறம் மாறுமா மாறாதா என்பதில் தொங்குகிறது. லேசர் வெளிச்சத்தில் வராத படபடப்பு இங்கே வருகிறது. ரசாயனம் தீர்ந்துபோனால் நீதியும் அத்தோடு தீர்ந்தது.

பற்றாக்குறையை எழுதுவதில் ஓர் ஆபத்து உண்டு. பரிதாபம் பார்க்கத் தொடங்கினால் நாவல், தொண்டு நிறுவன அறிக்கை ஆகிவிடும். காட்டரில் அங்கே வழுக்குவதில்லை. பிணவறையில் வேலை செய்கிற மூன்று பேரையும் அவர் பார்க்கிற விதத்தில் இரக்கத்தை விடக் குறும்புதான் தூக்கல். செவிலி தூய் பருத்த உடம்பும் வெடுக்கென்ற பேச்சும் உள்ள பெண். தாய்லாந்துப் படக்கதைப் புத்தகமும் கையுமாக இருப்பாள். அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் மேல்படிப்பு ஆசை ஒளிந்திருப்பது மெல்லத்தான் நமக்குத் தெரியும். உதவியாளர் கெங்குக்கு டவுன் சின்ட்ரோம். முந்தைய ஆட்சிக்காலத்திலிருந்தே அங்கே இருப்பவர். எதற்குப் பின் எதைச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாட்டின் தலைமைக் கொரோனருக்குத் தொழில் தடுமாறுகிறது, உதவியாளருக்குத் தடுமாறுவதில்லை. இதை ஆசிரியர் நகைச்சுவைத் துணுக்காக ஆக்கிவிடாமல், அன்றாட வேலையின் இயல்பாகவே நடக்க விடுகிறார். கெங்கைப் பார்த்து நாம் கண் கலங்க வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் நம்மைத் தள்ளுவதும் இல்லை.

மேலதிகாரி நீதிபதி ஹேங், சோவியத் நாட்டில் படித்துத் திரும்பிய இளைஞர். சிரியின் வயதில் பாதிகூட இருக்காது. பாரத்தைப் பகிர்ந்துகொள்வது என்ற பெயரில் கிழவரை வாரம்தோறும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். முடிவில் நல்ல பொதுவுடைமைவாதி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பொன்மொழி உதிர்ப்பார். மரத்தையோ எருமையையோ உவமையாக இழுத்து வந்து பாதியில் விட்டுவிடுகிற ரகம் அந்தப் பொன்மொழிகள். சிரி எதிர்த்துப் பேசுவதில்லை. ஒப்புக்கொள்வது போலவே ஒப்புக்கொண்டு எதிராளியின் காலை வாரிவிடுகிற கலை அவருக்குக் கைவந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் புது தாசில்தாரிடம் 'சரிங்க, சரிங்க' என்று தலையாட்டிவிட்டு வந்து தன் வேலையைத் தன் இஷ்டப்படி பார்ப்பது போலத்தான்.

தலைப்பில் இருக்கிற அந்த மதிய உணவு ரொம்பச் சாதாரணமானது. மீகாங் கரையில் ஒரு மரக்கட்டை. அதில் சிரியும் அவருடைய நெடுநாள் தோழர் சிவிலாயும். சிவிலாய் கட்சியின் மேல்மட்டத்தில் இருப்பவர்; அங்கே பெரிதாக மதிக்கப்படாதவர். கையில் நீள ரொட்டிக்குள் ஏதோ வைத்து மடித்த சாண்ட்விச். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், ரொட்டி போகவில்லை. எதிர்க்கரையில் தாய்லாந்து தெரிகிறது. தாங்கள் உயிரைக் கொடுத்துக் கட்டிய நாட்டிலிருந்து ஜனங்கள் இரவோடு இரவாக அந்தக் கரைக்கு நீந்திப் போவது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பொருமாமல் ரொட்டியைப் பற்றி வம்பு பேசுகிறார்கள். வரலாற்று நூல் அத்தியாயம் ஒதுக்கிச் சொல்கிற ஏமாற்றம், இங்கே இரண்டு கிழவர்களின் கிண்டலுக்கு நடுவே வந்துவிட்டுப் போகிறது.

பேய்களைப் பற்றிச் சொல்லாமல் தீராது. பச்சைக் கண்ணும் முப்பத்திமூன்று பல்லும் கொண்ட சிரியின் உடம்பில், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹ்மாங் இனப் பூசாரி யே மிங்கின் ஆவி குடியிருக்கிறது. இறந்தவர்கள் கனவில் வருகிறார்கள். சில சமயம் விழித்திருக்கும்போதும். ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில், அமானுஷ்யத்துக்கு இடமில்லை என்பதும் ஒன்று. காட்டரில் அந்த விதியை மீறுகிறார். ஆனால் விதியின் நியாயத்தைக் காப்பாற்றிவிடுகிறார். வருகிற ஆவி கொலையாளியின் பெயரைச் சொல்வதில்லை. அரைகுறையாக எதையோ காட்டிவிட்டு நிற்கும். அதன் பொருளைச் சிரிதான் மேசையில் கிடக்கும் உடலிலிருந்து தேடி எடுக்க வேண்டும். அதிலும், நாத்திகக் கட்சியின் உறுப்பினர், அறிவியல் படித்தவர், தனக்குப் பேய் தெரிகிறது என்று யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நெளிகிற வேடிக்கை தனி. பின்னால் வந்த நூல்களில் இந்த அளவு தவறிவிடுகிறது என்பது என் எண்ணம். மாயம் பெருகப் பெருக, பிணவறை வாசனை குறைந்துபோகிறது. வரிசையில் மொத்தம் பதினைந்து நூல்கள். முதல் ஏழும் எனக்குப் போதும்.

அந்த ஏழாவது, 'லவ் சாங்ஸ் ஃப்ரம் எ ஷாலோ கிரேவ்' (2010). வியன்டியானில் மூன்று பெண்கள் வாள்விளையாட்டு வாளால் குத்திக் கொல்லப்பட்டிருக்க, சிரியும் சிவிலாயும் விருந்தாளிகளாக போல் பாட்டின் கம்போடியாவுக்குப் போகிறார்கள். குழாயோடு விலங்கு மாட்டப்பட்ட நிலையில் தன் எழுபத்துநான்காம் பிறந்தநாளை எதிர்கொள்கிறார் சிரி. அந்தப் பகுதிகள் அவர் குரலிலேயே வருகின்றன. அதுவரை வரிக்கு வரி வந்துகொண்டிருந்த குறும்பு அங்கே வற்றிவிடுகிறது. நகைச்சுவை எழுதத் தெரிந்தவர் அதை எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பதில்தான் அவர் தரம் தெரியும். இங்கே அவர் நிறுத்துகிற இடம் துல்லியம்.

ஆனால் வரிசையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி மூன்றாவது நூலான 'டிஸ்கோ ஃபார் தி டிபார்ட்டட்'டில் (2006) இருக்கிறது, அதுவும் கிளைக்கதையாக. சிரியும் தூயும் வடகிழக்கே ஹுவாபன் மலைக்குகைகளுக்குப் போயிருக்கிறார்கள். சிமென்ட் பாதையிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை விசாரிக்க. பிணவறையைப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிற கெங்கை, அந்த இடைவெளியில் ஹேங் வண்டியேற்றித் தொலைதூரத்துக்கு அனுப்பிவிடுகிறார். கெங் தப்பித்து, வியன்டியானை நோக்கி நடக்கத் தொடங்குகிறார். அவருக்கு வழி தெரியாது. வாக்கு மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது. மற்ற அத்தியாயங்களுக்கு நடுநடுவே அவர் நடந்துகொண்டே இருக்கிறார். அந்த நடையில் கொலையில்லை, தடயமில்லை, துப்பறிதலும் இல்லை. இருந்தும் கைக்கு உரியவன் யார் என்பதை விட இவர் எங்கே இருக்கிறார் என்றுதான் பக்கத்தைப் புரட்டுவோம். இந்த நூலை மட்டும் தனியாக எடுத்துப் படிக்க வேண்டாம். முதல் இரண்டையும் முடித்துவிட்டு வாருங்கள்; அந்தப் பிணவறை கெங்குக்கு என்னவென்று அவற்றில்தான் இருக்கிறது.