தண்ணீர் நிற்கும் இடம்

தெலுக் இந்தானுக்கு வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது சாய்ந்த கோபுரத்தின் முன்னால்தான். 1885இல் லியோங் சூன் சோங் என்ற குத்தகைக்காரர் கட்டியது. வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி. உள்ளே ஏறினால் மூன்றே மாடி. ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியாகவும் மணிக்கூண்டாகவும் இருந்தது. அதைச் சாய்த்தது அடியிலிருக்கும் இளகிய மண். பேராக் ஆறு கடலை நெருங்கும் தறுவாயில் வளைந்து வளைந்து கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. கோபுரத்தையே விட்டுவைக்காத மண், தாமானில் நான் புதிதாக வாங்கிய கார்னர் வீட்டின் புல்தரையை மட்டும் சும்மா விடுமா?

புல்தரை என்பது மரியாதைக்குச் சொன்ன பெயர். நடுவில் வழுக்கை, ஓரத்தில் காடு. பார்த்தவர்கள் எல்லாம் யோசனை சொன்னார்கள். சிமெண்டு போட்டுவிடு என்றார் ஒருவர். மருந்தடித்துவிட்டுப் புதுப்புல் பதி என்றார் இன்னொருவர். கடைசியில் வந்தவர், ஒரு காலத்தில் துரை பங்களாத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவர். அவர் யோசனை எதுவும் சொல்லவில்லை. செருப்பைக் கேட்டருகே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மூலைமூலையாக நடந்தார்.

"மழ பேஞ்சா தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்து வைங்க தம்பி. புல்லப் பத்தி அப்புறம் பேசுவோம்."

களையை அவர் பார்த்த விதம்தான் எனக்குப் பாடம். நமக்கு எல்லாம் ஒரே பச்சை. அவருக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு சேதி. லோங்காங் என்கிற வடிகால் ஓரத்தில் ஒன்றைக் கிள்ளி என் விரல்களுக்கிடையே உருட்டச் சொன்னார். மூன்று பட்டைத் தண்டு: கோரை. அது செழித்தால் அடியில் ஈரம் வடியவில்லை என்று பொருள். மேலே பிடுங்கினால் இலைதான் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் சரம்சரமாக உட்கார்ந்திருக்கும். (நலங்கு மாவுக்கென்று நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குவதும் இதே கிழங்கைத்தான். என் வாசலில் அது களை.) கார் ஏறி இறங்கும் இடத்தில், அடித்தண்டு வெளுத்துச் சப்பையாகத் தரையோடு படர்ந்திருந்தது கேழ்வரகின் ஒன்றுவிட்ட சொந்தம். மற்றப் புல் மூச்சுவிட முடியாத இறுகிய மண்ணில் அது மட்டும் பிழைக்கும். வேலியோரம், வேட்டியில் ஊசிஊசியாக ஒட்டும் கெமுஞ்சுப். தொட்டாற்சிணுங்கியைப் பற்றி அவர் குறை சொல்லவே இல்லை. அவரையினம், வேரில் தழைச்சத்தைக் கட்டிவைக்கும். புல் மெலிந்த இடம் பார்த்துத்தான் குடியேறும்.

மருந்து வேண்டாம் என்பதில் மட்டும் கறாராக இருந்தார். காரணத்தை அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் மருந்து பம்பை முதுகில் சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். அந்தப் பம்புகளில் இருந்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி நஞ்சு இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது 2020 ஜனவரியில்தான். யோசித்துப் பார்த்தால் விசித்திரம்: மூன்று நான்கு தலைமுறையாக நம்மவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது புல்லை ஒழிப்பதற்கு. ரப்பரின் ஆரம்ப காலத்தில் மரத்தடியில் ஒரு தழைகூட இருக்கக்கூடாது என்று சுரண்டினார்கள். மேல்மண் மழையோடு போன பிறகுதான் மூடுபயிர் என்ற புத்தி வந்தது. அதே தோட்டத்தில், பங்களா முற்றத்தில் மட்டும், புல்லை வாழவைக்க ஓர் ஆளுக்குத் தனிச் சம்பளம். பெரியவரின் கை அந்த இரண்டாவது வேலையில் பழகியது.

எந்தப் புல் என்ற கேள்வியில் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம். எனக்குப் பிலிப்பைன் புல் மேல் கண். இழை மெல்லியது, காலை வைத்தால் கம்பளம். ஆனால் படர ஆற அமர நேரம் எடுக்கும், நல்ல வெயில் கேட்கும். வெயில் விஷயத்தில் அறுகும் அப்படித்தான், நிழலில் நொந்துபோகும். நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகையே உலகத்துக் கோல்ஃப் மைதானங்கள் பெர்முடா என்ற பெயரில் சீராட்டுகின்றன என்பது வேறு கதை. என் வீட்டில் பாதி முற்றம் மாமர நிழல். அவர் கை காட்டியது கவ்கிராஸை. அகல இலை, பட்டிக்காட்டு முகம். தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து இந்த ஊர்க்காரனாகிவிட்ட புல். புளித்த மண், ஈரம், அரைநிழல் மூன்றையும் பொறுக்கும். அன்று அரைமனதோடு தலையாட்டினேன். இப்போது எனக்கு அதன் அழகு பிடிபட்டிருக்கிறது: மாலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வோர் இலையும் தனித்தனியாக ஒளி வாங்கும். மெல்லிழைப் புல்லில் அது கிடைக்காது.

வேலையைச் சுருக்கமாகவே சொல்லலாம். மண்வெட்டி போட்டதும் செங்கல் துண்டும் காய்ந்த சிமெண்டும் வாளிவாளியாக வந்தன. வீடு கட்டியவர்கள் விட்டுப்போன சீதனம். கோரை இருந்த இடத்தை ஆழக் கிளறிக் கிழங்கு பொறுக்கினோம். செம்பனை எண்ணெய் மில்லில் மிஞ்சும் வெற்றுக் குலை மக்கிய உரத்தைக் களிமண்ணில் கலந்தோம். ஒரு நீளப் பலகையை இழுத்து, வீட்டிலிருந்து லோங்காங் பக்கம் கண்ணுக்குத் தெரியாத சரிவு கொடுத்தார். இந்தக் கலையின் உச்சம் அந்தச் சரிவுதான் என்பேன். கண்ணுக்குத் தெரிந்தால் தோல்வி. தண்ணீருக்குத் தெரியாவிட்டாலும் தோல்வி. பிறகு கொடியைக் கணுக்கணுவாக நறுக்கி, ஒரு சாண் இடைவெளியில் ஊன்றி, குதிகாலால் ஒரு மிதி.

வெட்டுவதிலும் அவருக்கு ரசனை உண்டு. மூன்று விரல் உயரம் நிற்க வேண்டும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மொட்டையடித்தால் மண்ணில் வெயில் விழும், உறங்கும் களைவிதை விழித்துக்கொள்ளும். தெருத்தெருவாக வரும் தோள் மெஷினை அவர் ஒப்புவதில்லை. நைலான் கயிறு புல்லை அறுப்பதில்லை, கிழிக்கிறது. மறுநாள் குனிந்து பார்த்தால் நுனிகள் பழுப்பேறி நார்நாராக இருக்கும். தீட்டிய கத்தி வெட்டிய நுனியோ பச்சை மாறாது.

போன வாரம் ஒரு பெருமழை. விட்டதும் அவரே வந்தார். கேட்டருகே செருப்பைக் கழற்றினார். நான் பாராட்டை எதிர்பார்த்துத் திண்ணையில் காப்பியோடு நின்றேன். பாதி முற்றம் நடந்தவர், மாமரத்துக்கு இப்பால் ஓரிடத்தில் நின்று பாதத்தை அழுத்தினார். விரலிடுக்கில் கொஞ்சம் தண்ணீர் பிதுங்கியது.

"மண்வெட்டி எங்க தம்பி வச்சிருக்கீங்க?"