சூடேறும் கடலும் கணக்கு தவறும் பிடி வரம்பும்

அலாஸ்காவின் குளிர்கடல் மீன்பிடிப்பு உலகின் மிகக் கட்டுப்பாடான மீன்பிடிப்புகளுள் ஒன்று. ஆய்வுக் கப்பல்கள் கோடையில் குறித்த இடங்களில் இழுவலை இட்டு மீனை எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையிலிருந்து மீன்வள மதிப்பீடு உருவாகிறது. அறிவியல் குழு வகுக்கும் உச்ச அளவைத் தாண்டி வட பசிபிக் மீன்வள மேலாண்மைக் குழு பிடி வரம்பை வைக்க முடியாது. மீன் குறையக் குறைய வரம்பும் தானே இறங்கும். அரசியல் பேரத்துக்கு இடம் குறைவு என்பதே இம்முறையின் பெரிய வலிமை. கடல் வெப்ப அலைகள் இந்த வலிமையோடு அதன் குறையையும் சேர்த்தே காட்டிவிட்டன.

2013ஆம் ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பசிபிக்கில் குளிர்காலக் காற்று தளர்ந்தது. கடல் தன் வெப்பத்தை வழக்கம்போல் வெளியேற்றவில்லை. அடிநீரும் மேல்நீரும் கலப்பதும் குறைந்தது. இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் வரை சூடான அந்த நீர்ப்பரப்புக்கு வாஷிங்டன் மாநிலக் காலநிலையாளர் நிக் பாண்ட் ‘பிளாப்’ என்று பெயரிட்டார். 2016 வரை அது நீடித்தது. மேற்பரப்போடு நில்லாமல் ஆழத்திலும் வெப்பம் இறங்கியதால், அலாஸ்கா வளைகுடாவின் பசிபிக் காட் மீனுக்கு ஒதுங்க இடமில்லாமல் போயிற்று. நீர் சூடானால் மீனின் உடல் கூடுதல் இரையைக் கேட்கும். அந்த ஆண்டுகளிலோ இரையே அருகியது. காட் மீன் கடலடியில் இடும் முட்டைகள் குறுகிய குளிர் எல்லைக்குள்தான் நன்றாகப் பொரியும். பெரிய மீன் பட்டினி கிடந்தது, குஞ்சும் உருவாகவில்லை.

அந்த வளைகுடாவில் கணக்கெடுப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். 2015ஆம் ஆண்டுக் கணக்கில் சரிவின் முழு அளவு தெரியவில்லை. 2017இல் எண்ணியபோது மீன்களின் எண்ணிக்கை சுமார் 70 விழுக்காடு வீழ்ந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் பிடிப்பு பழைய மதிப்பீட்டின்படியே நடந்தது. 2018க்கான வரம்பு ஏறக்குறைய 80 விழுக்காடு வெட்டப்பட்டது. முட்டையிடும் மீன்வளம், மீன்பிடிப்பே இல்லாத நிலையில் இருக்கக்கூடிய அளவின் 20 விழுக்காட்டுக்கும் கீழே போனதால், கூட்டரசு நீர்ப்பரப்பில் 2020இல் காட் பிடிப்பு மூடப்பட்டது. ஸ்டெல்லர் கடற்சிங்கங்களின் இரையைக் காக்க ஏற்கெனவே எழுதிவைத்திருந்த எல்லை அது. யாரும் தளர்த்தவில்லை, 2021இல் சிறிய வரம்போடு பிடிப்பு மீண்டும் தொடங்கியது. பிரேக் நன்றாகவே வேலை செய்தது. வண்டி ஓட்டியவர் பின்பக்கக் கண்ணாடியை மட்டுமே பார்த்திருந்தார் என்பதுதான் குறை.

பெரிங் கடலின் பனி நண்டு இக்குறையை இன்னும் கடுமையாக உணர்த்துகிறது. குளிர்காலக் கடற்பனி உருகியபின் கடலடியில் தங்கும் 2 டிகிரிக்கும் குறைந்த குளிர்நீரில்தான் இளநண்டுகள் வளர்கின்றன. 2018இல் அந்தக் குளிர்நீர் ஏறத்தாழ இல்லாமலே போனது. அப்போது நண்டுகளின் எண்ணிக்கையோ மிக அதிகம். வெப்பத்தால் பசியும் கூடியது. கோவிட் காரணமாக 2020இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆயினும் 2020-21 பருவத்தின் வரம்பு முந்தைய பருவத்தைவிட உயர்த்தப்பட்டு 4.5 கோடி பவுண்டு ஆனது. 2021இல் எண்ணியபோது நூற்றுக்கணக்கான கோடி நண்டுகளைக் காணவில்லை. பட்டினியே முதன்மைக் காரணம் என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்த வரம்பு 56 லட்சம் பவுண்டுக்கு இறங்கியது. 2022 அக்டோபரில் இந்த மீன்பிடிப்பு வரலாற்றில் முதல்முறையாக மூடப்பட்டது. நண்டுப் பதப்படுத்தலின் வரியை நம்பி வாழ்ந்த செயின்ட் பால் தீவின் உனங்கன் மக்கள் வருவாயை ஒரே வீச்சில் இழந்தனர். எண்ணாத ஆண்டில் வரம்பை உயர்த்தியதை எந்த விதிநூல் அனுமதித்திருந்தாலும் நியாயப்படுத்த இயலாது.

ஆழமான இன்னொரு சிக்கல், மீன்வளத்தை எதனோடு ஒப்பிடுவது என்பது. அலாஸ்காவின் அடிமீன்களுக்கான அளவுகோல்கள் பெரும்பாலும் 1977க்குப் பின் பிறந்த மீன்களின் சராசரியிலிருந்து வந்தவை. அந்தக் கடல் இப்போது இல்லையென்றால் 20 விழுக்காடு என்ற எல்லைக்கும் பொருள் மாறிவிடும். அதற்காக அளவுகோலைப் புதிய கடலுக்கேற்ப இறக்கினால், நலிந்த மீன்வளமே இயல்பானது என்று ஏட்டில் பதிவாகும். அந்த வழி ஆபத்தானது.

வெப்பம் ஏறியவுடன் எல்லா வரம்பையும் வெட்டுவதும் தீர்வாகாது. காட் மீனை வீழ்த்திய அதே ஆண்டுகளில் சேபிள் மீனின் குஞ்சுகள் பெருகின. 2014, 2016 பிறப்புகள் அந்த இனத்தில் மிகப் பெரியவை. ஆகவே இனம்வாரியாகத்தான் முடிவெடுக்க வேண்டும். 2018 முதல் மதிப்பீடுகளோடு இணைக்கப்படும் இடர் அட்டவணை இத்திசையில் வைத்த முதல் அடி. சூழலில் அபாயம் தென்பட்டால், கணிதம் அனுமதிக்கும் உச்ச அளவைவிடக் குறைத்துப் பரிந்துரைக்க அது வழிவிடுகிறது. ஆனால் எந்த வெப்பத்துக்கு எவ்வளவு குறைப்பு என்று அது சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் வல்லுநர்களின் முடிவுக்கே விடுகிறது. முட்டை பொரியும் வெப்ப எல்லை, குளிர்நீரின் பரப்பு போன்றவை காட் மீனுக்கும் பனி நண்டுக்கும் ஏற்கெனவே அளந்து அறியப்பட்டவை. அவற்றையே பிடி வரம்பின் விதிக்குள் எழுதினால், வலை காலியாக வருமுன்பே வரம்பு இறங்கத் தொடங்கும்.