குப்பை உரமாகுமா, வயல் குப்பைமேடாகுமா?

உப்பளத்தில் காலை வேளையில் ஒரு தெருவைச் சுற்றி வந்தாலே போதும். வாழையிலை, மீன் செதில், டீத்தூள், காய்கறித் தோல் ஆகியவற்றோடு பால் பை, தீர்ந்துபோன பேட்டரி, உடைந்த குழல்விளக்கு, மாத்திரை அட்டை எல்லாம் ஒரே கூடையில் கிடப்பதைக் காணலாம். இவ்வாறு கலந்த குப்பைதான் பல்லாண்டுகளாகப் புதுச்சேரி நகரிலிருந்து குரும்பாபேட் மேட்டுக்குச் சென்று குவிந்தது.

இதையெல்லாம் உரமாக்கி வயலுக்கு அனுப்பினால் ஊரும் சுத்தமாகும், மண்ணும் வளமாகும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். கேட்க இனிமையான பேச்சுதான். நம் மண்ணுக்குக் கரிமப்பொருள் தேவை என்பதும் உண்மையே. ஆனால் எந்தக் குப்பையை உரமாக்குவது என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் இந்தப் பேச்சை ஏற்கலாமா?

அன்றைய குப்பை வேறு

ஆல்பர்ட் ஹோவர்டு தம் இந்தோர் முறையை 1931-இல் நூலாக வெளியிட்டார். ஆச்சார்யா பெங்களூர் முறையை வகுத்தது 1930களின் இறுதியில். அன்று ஊர்க் குப்பை என்றால் இலை தழை, சாணம், சாம்பல், மண். பிளாஸ்டிக் பையும் பேட்டரியும் அதில் இல்லை. அந்த முறைகளில் குற்றமில்லை. வேறொரு காலத்துக் குப்பைக்கு வகுத்த முறையை இன்றைய கலப்புக் குப்பையின்மேல் ஏற்றிவிட்டு, அதே பலனை எதிர்பார்ப்பதுதான் தவறு.

மட்கும்போது என்ன நடக்கிறது?

நுண்ணுயிர்கள் கரிமப்பொருளைச் சிதைக்கின்றன. அதில் ஒரு பகுதி கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் வெளியேறுகிறது. ஆனால் ஈயமும் காட்மியமும் தனிமங்கள். எந்த நுண்ணுயிராலும் அவற்றைச் சிதைக்க முடியாது. உலர்நிலையில் 100 கிலோ குப்பை மட்கி 50 கிலோவாகக் குறைந்தால், அதிலிருந்த ஈயம் அப்படியே நிற்கும். அதாவது ஒரு கிலோவில் உள்ள ஈயத்தின் அளவு இரு மடங்காகிவிடும்! மட்கினால் நஞ்சு போய்விடும் என்ற நம்பிக்கை உலோகங்களுக்குப் பொருந்தாது.

திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 இதற்கு வரம்பு வகுத்தன. ஒரு கிலோ உரத்தில் ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, குரோமியம் 50, பாதரசம் 0.15 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. போபாலிலுள்ள இந்திய மண்ணியல் நிறுவன ஆய்வாளர்கள் 29 நகரங்களின் குப்பை உரங்களை ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். வீட்டிலேயே தரம் பிரித்த குப்பையின் உரத்தில் கரிமப்பொருள் கூடுதல், கன உலோகம் குறைவு. கலப்புக் குப்பையின் உரத்தில் நிலைமை நேர்மாறு.

ஒரு சிறு கணக்கு

ஒரு ஹெக்டேரில் 15 சென்டிமீட்டர் ஆழத்து மேல்மண் ஏறத்தாழ 20 லட்சம் கிலோ. ஆண்டுக்கு 10 டன் உரம் இடுவதாகக் கொள்வோம். உரத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் இருந்தால் ஆண்டுக்கு 1 கிலோ ஈயம் வயலில் சேரும். மண்ணில் கிலோவுக்கு அரை மில்லிகிராம்தான் கூடும், அற்பம்! ஆனால் 20 ஆண்டுகளில் அது 10 மில்லிகிராம். உரத்தில் வரம்பைப்போல் மும்மடங்கு ஈயம் இருந்தால் 30 மில்லிகிராம். ஓர் ஆண்டில் கண்ணுக்குத் தெரியாத தீங்கு, ஒரு தலைமுறையில் நிலைத்துவிடுகிறது. சேர்ந்த ஈயத்தை மண்ணிலிருந்து பிரித்தெடுக்க எளிய வழியில்லை. ஈயம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். காட்மியமோ பயிருக்குள் எளிதில் ஏறும், குறிப்பாகக் கீரைகளில்.

உப்பையும் மறக்கக்கூடாது. உப்பளம் என்ற பெயரே நம் கடற்கரையின் இயல்பைச் சொல்கிறது. நிலத்தடி நீரில் கடல்நீர் புகும் பகுதியில், உப்பு மிகுந்த உரத்தை மேலும் கொட்டினால் பயிர் என்னாகும்?

சான்றிதழ் போதுமா?

1970களில் பல நகரங்களில் இயந்திர உரத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. 2016-இல் மத்திய அரசு நகர உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. நோக்கம் நல்லதே. ஆனால் எடைக்குப் பணம் என்றால் எடையைக் கூட்டவே ஆசை பிறக்கும். கலப்புக் குவியலில் ஒரு மூலை மற்றொரு மூலையைப்போல் இராது. ஒரு பிடி உரத்தின் ஆய்வுச் சான்று முழுக் குவியலுக்கும் சாட்சியாகாது. பழைய குப்பைமேட்டைச் சலித்தெடுக்கும் நுண்மண்ணுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கலப்புக் குப்பை உரத்தைப் பல ஆண்டுகள் வயல்களில் இட அனுமதித்திருந்தது. பயிருக்குப் பலன் குறைவு, மண்ணுக்கு ஆபத்து உண்டு என்று ஆய்வுகள் காட்டியபின், 2018 அக்டோபரில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. பிறர் பட்ட பாட்டை நாமும் பட்டுத்தான் அறியவேண்டுமா?

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கடையில் வாங்கிய குப்பை உரத்தில் ஒரு பிடியைக் கண்ணாடிக் குவளை நீரில் கலக்கி, சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். பிளாஸ்டிக் துணுக்குகள் பல மிதக்கும்; கண்ணாடிச் சில்லுகள் அடியில் தங்கும். கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து எண்ணுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: நீர் தெளிந்திருந்தால் ஈயம் இல்லை என்று பொருளல்ல. அதை ஆய்வுக்கூடம்தான் சொல்லமுடியும்.

உரம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வீட்டில் இரண்டு கூடை. ஒவ்வொரு குவியலுக்கும் பல இடங்களில் எடுத்த மாதிரிகளின் ஆய்வு. அந்த முடிவு மூட்டையின்மேல் தமிழில். இம்மூன்றும் இல்லாமல் வயலுக்குப் போவது உரமன்று. நகரம் தன் குப்பைமேட்டை உழவரின் நிலத்துக்கு இடம் மாற்றுகிறது, அவ்வளவே.